கடைசி கேஜ் ஆள்

எங்கள் லைனில் ஒரு மனிதனின் குணத்தைத் தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து எந்த கேஜில் மேலே வருகிறான் என்று பார்த்தால் போதும். முதல் கேஜில் வருகிறவன் கோபக்காரன், அவசரக்காரன், ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். நடுவில் வருகிறவன் ஊரோடு ஒத்துப் போகிறவன். கடைசி கேஜில் வருகிறவன் நிதானஸ்தன், குடும்பம் நடத்தத் தெரிந்தவன். பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட, "பையன் எந்த கேஜு?" என்று கேட்பார்கள். விளையாட்டுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்பார்கள். "முதல் கேஜு" என்று பதில் வந்ததும் பெண்ணின் தாய் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா கடைசி கேஜ் ஆள். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு நாள் அந்தக் காரணத்தாலேயே அவரை யாரும் தேடவில்லை.

கோலார் தங்கவயலைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுத்த வரிசை வீடுகள். சுரங்கத்துக்குள் போக ஷாஃப்ட் என்கிற நேர்க்கிணறு ஒன்றுதான் வழி. அதில் கம்பிக்கயிற்றில் இறங்கி ஏறும் இரும்புக் கூண்டுதான் கேஜ். மூட்டை அடுக்குவதுபோல ஆட்களை நெருக்கி நிறுத்தி, கதவைச் சாத்தி, மணி அடித்தால் மேலே கிளம்பும். கீழே பாறைச் சூட்டில் வெந்தவர்களுக்கு மேலே போனால் போதும் என்றிருக்கும். முதல் கேஜுக்கு அடிதடி நடக்கும்.

அப்பாவுக்கு மரம் கட்டுகிற வேலை. தோண்டிய இடத்தில் பாறை சரியாமல் இருக்கத் தூண் நிறுத்தி முட்டுக் கொடுப்பது. இரண்டு பேராகத்தான் செய்ய முடியும். அப்பாவின் ஜோடி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவேன். அவர் அப்பாவை அண்ணா என்பார். உறவு ஒன்றும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி இருந்தது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு சொல்வார்கள். சித்தப்பா முதல் கேஜ் ஆள். கையில் இருக்கிற உளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார். அப்பா அதைப் பொறுக்கி, துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கூட்டமெல்லாம் போன பிறகு ஏறி வருவார். சில நாள் கடைசி கேஜையும் விட்டுவிட்டு, அதற்கும் பின்னால் வருகிற, சுரங்கத் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஆட்களோடு வருவார்.

லைனில் எல்லா வீட்டிலும் கேழ்வரகுக் களிதான். சூட்டோடு உருட்டிப் போட்டால்தான் தொண்டையில் இறங்கும், ஆறினால் கல். அதனால் புருஷன் எந்த கேஜ் என்பதைப் பொறுத்து அடுப்பில் உலை ஏறும். சித்தப்பா வீட்டில் களி கிண்டும் துடுப்புச் சத்தம் கேட்டு, அவர் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, பீடி பற்றவைத்த பிறகுதான் எங்கம்மா அடுப்பை ஊதவே ஆரம்பிப்பாள்.

"அக்கா, நீ குடுத்து வெச்சவ" என்று சித்தப்பாவின் மனைவி, என் சின்னம்மா, தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்வாள். "எனக்கு வாச்சது, களி கிண்டறதுக்கு முன்னாடியே தட்டைத் தட்டிக்கினு உக்காந்துக்குது."

"கேக்குதுடி எனக்கு" என்பார் சித்தப்பா.

"கேக்கத்தான் சொல்றேன்."

நான் அப்போது பி.யூ.சி. எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பது என் சுபாவத்திலேயே கிடையாது. கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் மனித சுபாவம் நான்கு வகை என்று போட்டு, கூடவே ஒரு கேள்வித்தொடரும் கொடுத்திருந்தார்கள். கொதிக்கிறவர், குளிர்ந்தவர், கலகலப்பானவர், சோர்ந்தவர். எனக்கு வெறி பிடித்துவிட்டது. குழாயடியில் நிற்கிறவர்களை, பால்காரரை, ரேஷன் கடையில் எடை போடுகிறவரை, எல்லோரையும் நான்காகப் பிரித்தேன். தண்ணீர்ச் சண்டையில் யார் குடத்தை எறிவார்கள், யார் அழுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிப் பந்தயம் கட்டினேன். பெரும்பாலும் ஜெயித்தேன். இதை மறைக்கப் போவதில்லை. மனிதர்களை வகை பிரிப்பது எனக்குப் பிடிக்கும். இன்றும் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பிடித்தேன்.

"அப்பா, கூட்டத்துல நிக்கறது உங்களுக்குப் புடிக்குமா?"

"புடிக்குமே. திருவிழான்னா போவாம இருப்பனா?"

"கோவம் வந்தா கத்துவீங்களா?"

"உங்கம்மாவைக் கேளு."

"கத்தினாத்தான் தேவலாமே" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "வாய் நெறைய களி வெச்சுக்கினு கீறாப்ல கம்முனு இருப்பாரு."

"உங்களுக்கு எதைக் கண்டா பயம்?"

அப்பா என்னைப் பார்த்தார். பீடிச் சாம்பலைத் தட்டினார். "உன் கேள்விங்களைக் கண்டாத்தான்" என்றார்.

"என்னைக் கேளு பாப்பா" என்று தட்டியின் மறுபக்கத்திலிருந்து சித்தப்பா. "எனக்கு மாமியாரைக் கண்டா பயம்."

"எங்கம்மா செத்து எத்தினி வருசம் ஆவுது!" என்றாள் சின்னம்மா.

"அதாண்டி பயமே."

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அப்பா குளிர்ந்த வகை என்று தீர்ப்புச் சொன்னேன். பதறாதவர், எதையும் தாங்குகிறவர். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அது நடந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. மத்தியானம் வீடு ஆடியது.

ஏர்பிளாஸ்ட் என்பார்கள். ஆழத்தில் பாறைக்குப் பாரம் தாங்காமல், வெடி வைக்காமலே அது தானாக வெடித்துச் சிதறும். மேலே எங்களுக்கு அது ஒரு குலுக்கல். அலமாரியிலிருந்து அலுமினியப் பாத்திரம் உருளும், தட்டி கிறீச்சிடும், கோழிகள் கத்தும். எங்களுக்குப் பழக்கம்தான். ஆடியதும் பெண்கள் தெருவுக்கு வந்து ஷாஃப்டின் உச்சியில் இருக்கும் பெரிய சக்கரத்தைப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்றினால் கேஜ் ஓடுகிறது, பெரிதாக ஒன்றுமில்லை. நின்றால்தான் ஓட்டம், கூக்குரல் எல்லாம்.

அன்றைக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"சுத்துதுடி" என்றாள் அம்மா. முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வந்தார். தலையெல்லாம் தூசு.

"ஏர்பிளாஸ்ட் எங்க?" என்று அம்மா தட்டிக்குப் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"அந்தப் பக்கம் எங்கியோ, அண்ணி. நான் கேஜுக்கு வந்து நின்னப்புறம்தான் ஆடிச்சு. யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க."

"உங்க அண்ணன்?"

"சாமானை எடுத்து வெச்சுக்கினு இருந்தாரு. வருவாரு. அவரைத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அதுதான் விஷயம். அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஷாஃப்ட் வாசலில் டைம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் தெரியும். கீழே இறங்கும்போது அவரவர் நம்பர் அடித்த பித்தளைப் பில்லையை அந்த ஜன்னலில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் திருப்பித் தர வேண்டும். பலகையில் ஆளுக்கோர் ஆணி. பில்லை தொங்கினால் ஆள் மேலே இருக்கிறான், ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கீழே. அன்று கடைசி கேஜ் வந்த பிறகும் அப்பாவின் ஆணி வெறுமையாகவே இருந்திருக்கிறது. டைம்கீப்பர் அதைப் பார்த்தும் இருக்கிறார். பம்ப் ஆட்களோடு வருவார் என்று டீக்குச் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு யாருடைய ஆணியாக இருந்தாலும் டெலிபோனை எடுத்திருப்பார். அவரே பின்னால் சொன்னார்.

அம்மா களி கிண்டினாள். மூடி வைத்தாள். மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்தாள். "பம்ப் ஆளுங்களோட வருவாரு" என்றாள் என்னிடம். நான் தலையைத் தூக்காமல் கதை படித்துக்கொண்டிருந்தேன். களி ஆறிக் கெட்டியானது. சித்தப்பா வீட்டில் அவர் குறட்டை விடுகிற சத்தம் கேட்டது.

இரண்டாம் ஷிப்டில் இறங்கிய மரக்காரர்கள்தான் அப்பாவைக் கண்டெடுத்தார்கள். பெரிய சரிவு இல்லை. எங்கேயோ வெடித்த வெடிப்பின் அதிர்ச்சியில் ஒரு தூண் சாய்ந்து, ஒரே ஒரு பாளம் விழுந்து, அவருடைய இடது காலைத் தூணுக்கும் தரைக்கும் நடுவில் வைத்து நசுக்கியிருந்தது. விளக்கு அணைந்திருந்தது. அவருக்கு நினைவு இருந்தது.

அப்போதுதான் சக்கரம் நின்றது. சங்கு ஊதியது. அம்மா செருப்புப் போடாமல் ஓடினாள்.

முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான். அவர் ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்திப் பார்த்திருக்கலாம்" என்றார். சித்தப்பா அப்போது வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அது அவர் காதில் விழுந்தது. சுவரில் தலையை இடித்துக்கொண்டார். இரண்டு பேர் பிடித்து இழுத்துப் போனார்கள்.

அப்பா பல நாள் பேசவில்லை. அது புதிதில்லை, அவர் எப்போதும் பேசாதவர்தானே என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். "என்னா நிதானம் பாரு, இந்த நெலமையிலயும் ஒரு முனகல் கெடையாது" என்று மெச்சிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம் வார்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். "கீழ நீ கத்தினியா?"

"கத்தினேன். அப்புறம் நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"கேஜ் மணி கேட்டுது. ஒவ்வொண்ணா மேல போவுது. எனக்குத் தெரிஞ்சு போச்சு, தேட மாட்டாங்கன்னு. நான்தான் கடைசில வர்ற ஆளாச்சே. அவங்க பேருல தப்பில்ல."

அம்மா போர்வையைச் சரி செய்தாள். சரியாக இருந்த போர்வைதான். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நிதானம், நிதானம்னு எல்லாரும் சொல்றாங்க. அது நிதானமில்ல. பயம். அத்தினி பேரு உடம்போட உடம்பு ஒட்டிக்கினு, இருட்டுல, கதவைச் சாத்திட்டா எனக்கு நெஞ்சு அடைக்கும். மொத நாளு இறங்கினப்பவே அப்டித்தான். இறங்கறப்போ வேற வழியில்ல, பல்லைக் கடிச்சுக்குவேன். ஏர்றப்போ கூட்டம் போவட்டும், காலி கேஜு வரட்டும்னு உக்காந்துக்குவேன். உளியைத் தொடைக்கறதெல்லாம் சும்மா."

"இத்தினி வருசமாவா?"

"சொன்னா சிரிப்பாங்க."

"என்கிட்டக்கூடவா சொல்லக்கூடாது?" என்றாள் அம்மா.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூக்கத்திலேயே இருமிக்கொண்டிருந்தார். தூசு தின்ற நெஞ்சு, இருமல் நிற்கவே இல்லை.

அன்று நானும் அம்மாவும் வீட்டுக்கு நடந்து வந்தோம். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மணல் மேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது அம்மா நின்றாள். "கம்முனு இருந்தா பொறுமைன்னு நெனச்சுட்டேன்டி" என்றாள். "அவரு பயந்துக்கினு இருந்திருக்காரு. நான் அதை ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கினு இருந்தேன்."

எனக்கு அந்தக் கேள்வித்தொடர் ஞாபகம் வந்தது. கூட்டம் பிடிக்குமா என்றேன், பிடிக்கும் என்றார். எதைக் கண்டால் பயம் என்றேன், விளையாட்டாகச் சொல்லித் தட்டிவிட்டார். எங்கள் லைனில் ஓர் ஆம்பிளையிடம், அதுவும் தட்டிக்கு அந்தப் பக்கம் ஜோடிக்காரர் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது, வேறென்ன பதில் வரும்? அந்தப் பத்திரிகைக்காரருக்கு மூங்கில் தட்டியைப் பற்றித் தெரிந்திருக்காது.

கால் போனவருக்கு மேலே ஏதாவது லேசான வேலை போட்டுத் தருவார்கள். கிடைத்தால் லைனில் வீடு இருக்கும், கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பாவை டைம் ஆபீஸில், அதே ஜன்னலில், டைம்கீப்பருக்கு உதவியாகப் போட்டார்கள். பில்லையைக் கொடுப்பதும் வாங்கி மாட்டுவதும். சித்தப்பா சுரங்கத் தூண் மரத்திலேயே ஒரு தாங்குகட்டை செதுக்கிக் கொண்டு வந்து வாசலில் சாய்த்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. மறுநாளும் முதல் கேஜில்தான் வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. தினமும் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய் வந்தேன். அங்கே உளவியல் என்று ஒரு தனிப் பாடமே இருந்தது. அகமுகர், புறமுகர், தடித்த புத்தகம், படங்கள். தின்றுவிடுவதுபோலப் படித்தேன். பதற்றமில்லாத சுபாவம் விபத்துக்குப் பிறகு பதற்ற சுபாவமாக மாறுமா என்று எழுந்து நின்று கேட்டேன். மாறலாம் என்றார் எங்களுக்குப் பாடம் எடுத்தவர். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஏனென்றால் லைனில் இப்போது அப்பாவைப் பதற்றக்காரர் என்றுதான் சொன்னார்கள். ஆணி ஒன்று வெறுமையாக இருந்தால் அவரால் உட்கார முடியவில்லை. இரண்டாவது கேஜிலேயே விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். "அவன் எங்க? உன்கூட இருந்தானே, எங்க?" கடைசி கேஜ் வருவதற்குள் டெலிபோனைத் தூக்கிவிடுவார். முதல் தடவை ஒருவன் கீழே வயிற்றுப்போக்கில் உட்கார்ந்திருந்தான். தேடிப் போனவர்கள் அவனை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் சிரித்தார்கள். இரண்டாவது தடவை இரண்டு பேர் பில்லையை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கேஜை நிறுத்தித் தேட வேண்டியிருந்தது. அடுத்த ஷிப்ட் வெயிலில் நின்றது.

"சீக்கிரம் பில்லையைப் போடுங்கப்பா" என்று பையன்கள் ஜன்னலில் கத்துவார்கள். "இல்லன்னா ஒத்தக்கால் சாமி சங்கு ஊதிடும்."

அப்பா பில்லைக்காகக் கையை நீட்டியபடியே இருப்பார்.

இன்னொரு தடவை காரணமில்லாமல் கேஜை நிறுத்தினால் வேலை இருக்காது என்று அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். அம்மா அன்று மாலை அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுத்துப் பாரேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஷிப்ட் முடிகிற நேரம். முதல் கேஜ் வந்தது. கூட்டம் ஜன்னலில் மோதியது, பில்லைகள் விழுந்தன. அப்பா ஒவ்வொன்றாக மாட்டினார். கூட்டம் கலைந்த பிறகு பலகையைப் பார்த்தார். சித்தப்பாவின் ஆணி வெறுமையாக இருந்தது.

இரண்டாவது கேஜ் வந்தது. இல்லை. மூன்றாவது. இல்லை.

"அவன் மொத கேஜு ஆளு" என்றார் அப்பா. "அவனுக்கு லேட் ஆவாது."

பருமனான டைம்கீப்பர் நாற்காலியைத் திருப்பினார். "யோவ், அவனைத் தெரியாதா உனக்கு? அவசரக் குடுக்கை. பில்லையைக் குடுக்காம ஓடியிருப்பான். பையைத் தொட்டுப் பார்த்ததும் வருவான்."

"மொத கேஜுல வந்தவங்க யாரும் அவனைப் பாக்கலைங்கறாங்க."

"கூட்டத்துல யாரு யாரைப் பாத்தா? நல்லாக் கேளு, உனக்காகத்தான் சொல்றேன். போனைத் தொடாதே. உம் பொண்ணு வேற நிக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கண்களில் இருந்ததை நான் எந்த வகையில் சேர்ப்பது? நெற்றியில் வேர்வை. கட்டையை ஊன்றி எழுந்து, டெலிபோனை எடுத்தார்.

சக்கரம் நின்றது. தேடும் ஆட்கள் இறங்கினார்கள். லைனிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள், முன்னால் சின்னம்மா, மார்பில் அடித்துக்கொண்டு. அவளை என் அம்மா பிடித்துக்கொண்டாள். இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் முணுமுணுத்தபடி தரையில் குந்தினார்கள். வெயில் கொளுத்தியது.

அப்போது பஜார்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. ஒரு கன்னம் மழித்திருந்தது, இன்னொரு கன்னத்தில் சோப்பு நுரை. கையில் பில்லை. மறுநாள் தங்கை வீட்டில் கல்யாணம், சவரக் கடையில் கூட்டம் சேர்வதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும் என்று, கேஜிலிருந்து குதித்ததும் ஜன்னலுக்கு வராமல் ஓடியிருக்கிறார். சங்கு கேட்டதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். சின்னம்மா செருப்பைக் கழற்றினாள். "கல்யாணத்துக்கு நான் உன்னை ஜோடிச்சு அனுப்பறேன் வாய்யா, இந்தப் பக்கக் கன்னத்தை நானே மழிக்கறேன்!" சிரிப்பு இன்னும் பெரிதானது. அவள் அழுதுகொண்டேதான் அதைச் சொன்னாள்.

சித்தப்பா ஜன்னலுக்கு வந்து பில்லையை நீட்டினார். அப்பா வாங்கினார். திரும்பி, ஆணியில் மாட்டினார். அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்தார்.

டைம்கீப்பர் சொன்னதுதான் சரி. அவர் சித்தப்பாவின் சுபாவத்தைத் துல்லியமாகக் கணித்திருந்தார், நானாக இருந்தாலும் அப்படித்தான் கணித்திருப்பேன். என் புத்தகமும் அப்படித்தான் சொல்லும். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும். ஆனால் அப்பா இருட்டில் கிடந்தது அந்த ஒன்றில். அங்கிருந்து திரும்பி வந்த மனிதரிடம் ஒன்பதைக் காட்டி என்ன பயன்?

திங்கட்கிழமை வேலை போனது. வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்க சித்தப்பா அதிகாரியிடம் போனார். போன இடத்தில் கோபம் வந்து மேஜையைத் தட்டிவிட்டு, தனக்கும் ஒரு வாரம் வேலையில்லாமல் செய்துகொண்டு வந்தார். அவரால் முடிந்தது அதுதான்.

பங்காருபேட்டையில் என் தாய்மாமா ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். கிளம்புகிற அன்று சித்தப்பா ஒரு தள்ளுவண்டி கொண்டு வந்தார். எங்கள் பாத்திரம், பெட்டி, என் புத்தகங்கள், எல்லாவற்றையும் ஏற்றி, எங்களை அவசரப்படுத்தி, ரயிலுக்கு வெகு நேரம் முன்னாலேயே ஊரிகம் ஸ்டேஷனில் கொண்டு வந்து இறக்கிவிட்டார். பிளாட்பாரத்தில் நாய் தவிர யாரும் இல்லை.

"நீ போடா" என்றார் அப்பா. "ரயிலு வர நேரம் ஆவும்."

"இருக்கட்டும்ணா."

சித்தப்பா உட்கார்ந்தார். எழுந்தார். பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பில் எறிந்தார். தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். தொடை ஆடிக்கொண்டே இருந்தது. ஸ்டேஷன் கடிகாரத்தை அவர் முறைத்ததைப் பார்த்தால் அதற்கே பயம் வந்திருக்கும். அவர் யாருக்காகவாவது காத்திருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். அம்மா இரண்டு தடவை அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மாரிக்குப்பத்திலிருந்து ரயில் வருவதற்குள் பிளாட்பாரம் நிறைந்துவிட்டது. ஷிப்ட் முடித்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், காய்கறிக் கூடைகள். வண்டி நிற்கும் முன்பே கதவுகளில் தொங்கினார்கள். நான் பழக்கப்படி பெட்டியோடு பாய்ந்தேன். அம்மா கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். அப்பா கட்டையில் சாய்ந்து, சுவரோரமாகப் போய் நின்றிருந்தார்.

"கூட்டம் ஏறட்டும்" என்றார். "நான் கடைசில வர்றேன்."

"வண்டி ஒரு நிமிசம்தான் நிக்கும்ணா! வாங்க!" சித்தப்பா அவர் கையைப் பிடித்தார். பிடித்தவர் நின்றுவிட்டார். கை நடுங்குவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தார். கதவுக் கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இதானாண்ணா?" என்றார். "அங்கயும் இதானா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

சித்தப்பா சட்டென்று கதவுக்குப் பாய்ந்தார். முதல் கேஜுக்குப் பாய்ந்து பாய்ந்து பழகிய தோள் அது. ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தார், இன்னொருவன் கூடையை நகர்த்தினார், திட்டினார், திட்டு வாங்கினார். ஏறி, கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, முதுகால் கூட்டத்தை உள்ளே தள்ளி, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டாக்கினார். அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது.

"வாங்கண்ணா" என்றார். "காலியா கீது. மெதுவா வாங்க."